குளிர்நீர், சுடுநீர் மீற்றர்: தெரிவு செய்வது முதல் சீல் வைப்பது வரை

தண்ணீரைக் குளிர வைக்கும் ஒரே இயந்திரத்தில், அதாவது சில்லரில் இருந்து குளிர்நீர் மூன்று மாடிக்குப் போகிறது. கீழே வங்கி, நடுவில் தனியார் மருத்துவ நிலையம், மேலே கல்யாண மண்டபம். கரண்ட் பில் மட்டும் ஒன்றாகத்தான் வரும். அதை எப்படிப் பிரிப்பது என்று கட்டட உரிமையாளர் கேட்கும்போதுதான், தண்ணீர் சுமக்கும் குளிரையும் சூட்டையும் அளக்கும் இந்த மீற்றரின் கதை தொடங்குகிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இப்படியான வேலைகளைச் செய்தபோது புதிதாக வந்த தம்பிமார் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்து வைத்ததை வேலையின் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வன்னியில் பெரும்பாலான கட்டடங்களில் இருப்பது ஸ்பிளிட் ஏசி. அதன் செப்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு என்பதால் இந்த மீற்றரை அங்கே பூட்ட முடியாது. மாடிக்கு ஒரு மின்மீற்றர் போட்டால் வேலை முடிந்தது. நெல் அவிக்கும் ஆலைகளில் உமியில் எரியும் பொயிலரின் நீராவிக்கும் இது சரிவராது. நீராவி அளக்கும் மீற்றர் வேறு சாதி. குழாய் நிறையத் தண்ணீர் ஓடிக் குளிரையோ சூட்டையோ சுமந்து போகும் இடத்துக்கு மட்டுமே கீழே வரும் படிகள்.

1. மீற்றர் எதை அளக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லுங்கள்

இதில் மூன்று பாகங்கள் உண்டு. தண்ணீரின் ஓட்டத்தை அளக்கும் பாகம், போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் ஒவ்வொரு வெப்பநிலை சென்சர், இவை மூன்றும் சொல்வதை வைத்துக் கணக்குப் போடும் கணிப்பான். கணக்கு இவ்வளவுதான்:

கிலோவாற்மணி = கனமீற்றர் × வெப்பநிலை வேறுபாடு × 1.163

இதை மனப்பாடம் செய்யுங்கள். கடைசிப் படிவரை இது தேவைப்படும்.

இங்கே வரும் கிலோவாற்மணி கரண்ட் பில்லில் வரும் யூனிற் இல்லை. 3 கிலோவாற்மணி குளிரை உண்டாக்க ஒரு சில்லருக்கு ஏறத்தாழ 1 யூனிற் கரண்ட் போகலாம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், முதல் மாதமே வாடகைக்காரர் மீற்றரைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, "என்ன அண்ணை, என்ர மாடிக்கு மட்டும் 12,000 யூனிற்றோ?" என்று கேட்பார்.

ஆகவே சில்லருக்கும் அதன் பம்புகளுக்கும் சேர்த்துத் தனி மின்மீற்றர் ஒன்று வேண்டும். அது 9,000 யூனிற் காட்டுகிறது, மாடிகளின் மீற்றர்கள் 12,000, 9,000, 6,000 காட்டுகின்றன என்றால், பங்கு 4,000, 3,000, 2,000 யூனிற். குழாயில் வீணாகும் குளிரும் இதே விகிதத்தில் பிரிந்துவிடும். மாதத்தில் நான்கு நாள் மட்டும் ஓடும் மண்டபத்துக்கு நிலையான ஒரு பங்கும் வேண்டுமா என்பதை மீற்றர் வாங்குமுன் பேசி எழுதி வையுங்கள். பிறகு பேசினால் பழி மீற்றரில் விழும்.

பணம் பிரிக்க இல்லை, சில்லர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க மட்டும்தான் என்றால், குழாயின் வெளியே கட்டும், ஒலியலையால் ஓட்டம் அளக்கும் அல்ட்ராசொனிக் கருவி போதும். குழாயை வெட்டத் தேவையில்லை.

2. கடைக்குப் போகுமுன் சேர்க்க வேண்டிய எண்கள்

வரைபடத்தில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். வடிவமைத்தவர் 7 பாகையில் போய் 12 பாகையில் திரும்பும் என்று எழுதியிருப்பார். கட்டடத்தில் போய்ப் பார்த்தால் 8இல் போய் 10.5இல் திரும்பும். வேறுபாடு 5 பாகை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரைதான். வேறுபாடு பாதியானால் சென்சரில் உள்ள அதே சிறு பிழை பில்லில் இரட்டிப்பாகும்: 0.1 பாகைப் பிழை 5 பாகையில் 2 சதவீதம், இரண்டரைப் பாகையில் 4 சதவீதம்.

ஆகவே, வெயில் எரிக்கும் ஒரு நாளும் மழை பெய்யும் ஒரு நாளும் பார்த்து இவற்றை எழுதுங்கள்: போகும் வெப்பநிலை, திரும்பும் வெப்பநிலை, கூடிய ஓட்டம், இரவில் குறைந்த ஓட்டம், குழாயின் அளவும் உலோகமும், அந்த இடத்தின் அழுத்தம். தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்க்கும் கிளைக்கோல் கலந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சாதாரண மீற்றர் சுத்தத் தண்ணீருக்கான கணக்கைத்தான் போடும். கிளைக்கோல் கலந்தால் தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு மாறிக் கணக்கும் பிசகும். நமது வெக்கைக்குத் தண்ணீர் உறையப் போவதில்லை. ஐஸ் சேமிப்பு மாதிரி ஏதும் இல்லையென்றால் கிளைக்கோல் எதற்கு என்றே கேட்கலாம்.

வேறுபாடு 3 பாகைக்குக் கீழே கிடந்தால் மீற்றர் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் பம்ப் தேவைக்கு மேல் ஓடும், அல்லது வால்வு ஒன்று மூடாமல் கிடக்கும். பல மீற்றர்களின் கீழ் எல்லை 3 பாகை. அதற்குக் கீழே எண் வந்தாலும் அந்தத் துல்லியத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

3. ஓட்டம் அளக்கும் பாகத்தின் வகை

கடைக்காரர் மூன்று வகை காட்டுவார்.

சக்கரம் சுற்றும் மெக்கானிக்கல் வகை மலிவு. ஆனால் பழைய இரும்புக் குழாயில் இருந்து வரும் கறுத்த துரு மண்டி சக்கரத்தைப் பிடித்துவிடும். மீற்றர் மெல்ல மெல்லக் குறைத்துக் காட்டும். வாடகைக்காரர் முறைப்பாடு சொல்லவே மாட்டார்.

அல்ட்ராசொனிக் வகையில் அசையும் பாகம் இல்லை. குறைந்த ஓட்டத்தையும் பிடிக்கும், பற்றரியிலும் பல வருடம் ஓடும். காற்றுக் குமிழிதான் அதன் எதிரி. கட்டட வேலைக்கு நான் பெரும்பாலும் இதையே எடுப்பேன்.

மின்காந்த வகை பெரிய குழாய்களுக்கு நல்லது. தண்ணீருக்குக் கொஞ்சம் மின்கடத்தும் தன்மை வேண்டும். உப்புக் கரைந்த எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அந்தக் கவலை கிடையாது. ஆனால் பெரும்பாலானவற்றுக்குத் தொடர்ந்து கரண்ட் வேண்டும்.

எதை எடுத்தாலும் ஈஎன் 1434 என்ற ஐரோப்பிய வெப்ப மீற்றர் தரத்தில், பில் போடுவதானால் வகுப்பு 2 அல்லது அதைவிட நல்லது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பெட்டிக்குள் அளவுத்திருத்தச் சான்று இருக்க வேண்டும், சான்றில் உள்ள இலக்கமும் மீற்றரில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். சென்சர் சோடிக்கும் அப்படியே.

4. அளவைக் கணக்குப் போட்டு எடுங்கள்

"அண்ணை, குழாய் ரெண்டரை அங்குலம். மீற்றரும் ரெண்டரை அங்குலம்தானே?"

ஒவ்வொரு வேலையிலும் இந்தக் கேள்வி வரும். "இல்லைத் தம்பி" என்பதுதான் ஒவ்வொரு முறையும் என் பதில். குழாயை எடுத்தவர் பிற்காலத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் பெரிதாகவே எடுத்திருப்பார். மீற்றரை எடுப்பது ஓட்டத்தைப் பார்த்து.

ஒரு மாடிக்குக் குளிர்த் தேவை 45 கிலோவாற்று, வேறுபாடு 5 பாகை என்று வையுங்கள். 45 ஐ (1.163 × 5) ஆல் வகுத்தால் மணிக்கு 7.7 கனமீற்றர். மீற்றரின் தகட்டில் 'கியூ.பி.' என்று ஓர் எண் இருக்கும். அந்த ஓட்டத்தில் அது காலம் முழுக்க ஓடலாம் என்று அர்த்தம். பட்டியலில் 6, 10, 15, 25 என்று இருக்கும். உங்கள் ஓட்டத்துக்கு மேலே வரும் முதல் எண் 10. அதை எடுங்கள்.

6 ஐ எடுத்தால் என்ன? பட்டியலில் அழுத்த இழப்பு கியூ.பி. ஓட்டத்தில் 0.25 பார் என்று இருந்தால், 7.7 கனமீற்றர் ஓடும்போது அது 0.4 பாரைத் தாண்டிவிடும். பம்புக்குக் கிட்டத்தட்ட 4 மீற்றர் உயரத்துக்குக் கூடுதலாகத் தண்ணீர் ஏற்றுகிற வேலை. கடைசி அறைக்குக் குளிர் போய்ச் சேராது. 10 ஐ எடுத்தால் அதே ஓட்டத்தில் 0.15 பார்தான்.

ரெண்டரை அங்குலக் குழாய்க்குப் பொருந்தும் 25 ஐ எடுத்தால்? பகலில் வித்தியாசம் தெரியாது. இரவில் ஓர் அறை மட்டும் ஓடி மணிக்கு அரைக் கனமீற்றர் போகும்போது, கீழ் எல்லை 1 கனமீற்றராக உள்ள மலிவான மீற்றர் தாறுமாறாக எண்ணும், சிலவேளை எண்ணாமலே விட்டுவிடும். ஆகவே குறைந்த ஓட்டத்தை 'கியூ.ஐ.' என்ற கீழ் எல்லை எண்ணோடும் ஒப்பிடுங்கள். மேலே சொன்ன கியூ.பி. 10 மீற்றரில் கியூ.ஐ.க்கும் கியூ.பி.க்கும் உள்ள விகிதம் 1:100 என்றால் கீழ் எல்லை 0.1 கனமீற்றர், இரவு ஓட்டமும் கணக்கில் வரும்.

மீற்றர் குழாயைவிடச் சிறிதாக வந்தால், குழாயின் அளவைக் குறைக்கும் ரிடியூசர் போடலாம். அதை மீற்றரோடு ஒட்டிப் போடாமல், ஆறாம் படியில் வரும் நேரான குழாய்த்துண்டுக்கு அப்பால் போடுங்கள்.

5. ஓடர் கொடுக்கும்போது எழுத வேண்டியவை

பல மீற்றர்களில் இவற்றைப் பூட்டிய பின் மாற்ற முடியாது. ஆகவே ஓடரில் எழுத்தில் கேளுங்கள்.

சூட்டுக்கா, குளிருக்கா, இரண்டுக்குமா? இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று சூட்டு மீற்றரை வாங்கிக் குளிர்நீரில் பூட்டினால் பூச்சியம்தான் காட்டும். போகும் தண்ணீர் சூடாகவும் திரும்புவது குளிராகவும் இருக்கும் என்றே அது எதிர்பார்க்கிறது. "சென்சர் ரெண்டையும் மாத்திப் போட்டால் எண்ணுதுதானே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எண்ணும், ஓரளவு சரியாகவும் எண்ணும். ஆனால் சூட்டு மீற்றரின் உட்புறம் ஈரத்துக்கு எதிராக அடைக்கப்பட்டிருக்காது. ஒரு மாரியைத் தாண்டுவதே சந்தேகம்.

ஓட்டம் அளக்கும் பாகம் எந்தக் குழாயில் வரும்? தண்ணீரின் அடர்த்தி வெப்பநிலையோடு மாறுவதால் கணிப்பானுக்கு இது தெரிய வேண்டும். நான் குளிருக்கும் சூட்டுக்கும் திரும்பும் குழாயையே சொல்வேன். குளிர்நீரில் அதுதான் வியர்வை குறைந்த குழாய். சுடுநீரில் அதுதான் சூடு குறைந்த குழாய். இரண்டிலும் மீற்றருக்குச் சுகம்.

அப்புறம், கணிப்பானைத் தனியே கழற்றிச் சுவரில் பூட்டக்கூடியதா, சென்சர் வயரின் நீளம், பிளாட்டினம் சென்சரின் மின்தடை 0 பாகையில் 100 ஓமா 500 ஓமா (பி.ரி. 100 ஆ பி.ரி. 500 ஆ), பற்றரியா கரண்டா, வெளியே தகவல் அனுப்ப எம்-பஸ்ஸா மொட்பஸ்ஸா. கொழும்பில் இருந்து வரும் சாமானைத் திருப்பி அனுப்பி மாற்றுவது எத்தனை நாள் இழுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

6. இடம் பார்த்தல்

மீற்றருக்கு முன்னே குழாய் விட்டத்தின் 10 மடங்கு, பின்னே 5 மடங்கு நேரான குழாய் கிடைத்தால் கவலை இல்லை. சில அல்ட்ராசொனிக் மீற்றர்கள் இதைவிடக் குறைவாகவும் ஏற்கும். அதன் கைநூலைப் பாருங்கள். வளைவைத் தாண்டிய தண்ணீர் முறுக்கிக்கொண்டு வரும் என்பதுதான் காரணம்.

குழாயின் உச்சியான இடம் வேண்டாம், காற்று அங்கேதான் தங்கும். கீழ்நோக்கித் தண்ணீர் விழும் குழாயும் வேண்டாம். மேல்நோக்கி ஏறும் குழாய் மிக நல்லது. கிடைக் குழாயில் அல்ட்ராசொனிக் பாகத்தின் பெட்டியை நேர் மேலே வைக்காமல் பக்கத்துக்குச் சரித்து வையுங்கள். மேலே ஒட்டும் காற்றும் கீழே படியும் மண்டியும் அளக்கும் பாதையில் வராது. கன்ரோல் வால்வு மீற்றருக்குப் பின்னே வரட்டும்.

தண்ணீரில் ஒரு பகுதியைக் குளிரூட்டும் கருவிக்குள் விடாமல் நேரே திருப்பி (பைபாஸ்) விடும் மூவழி வால்வு இருந்தால் ஒரு கடுதாசியில் வரைந்து பாருங்கள். ஓட்டம் அளக்கும் பாகமும் திரும்பும் சென்சரும் ஒரே தண்ணீரைப் பார்க்க வேண்டும். பைபாஸ் தண்ணீர் வந்து கலந்த பிறகு ஓட்டத்தை அளந்து, கலக்குமுன் வெப்பநிலையை அளந்தால், ஓட்டமும் வேறுபாடும் இரண்டும் கூடிப்போய் மீற்றர் அள்ளி எழுதும். நான் பார்த்த பெரிய பில் தகராறு ஒன்றுக்கு இதுதான் காரணம்.

தகரக் கூரைக்குக் கீழே கணிப்பானைப் பூட்டாதீர்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்த வெக்கையில் பற்றரியின் ஆயுள் குறையும். கதிரை போட்டு ஏறாமல், நின்றபடி வாசிக்கக்கூடிய உயரம் வேண்டும்.

7. குழாய் வேலை: மீற்றர் கடைசியில்

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

மீற்றரின் நீளத்துக்கு ஒரு டம்மிக் குழாய்த்துண்டு வெட்டுங்கள். அதை வைத்து வெல்டிங் முழுவதையும் முடியுங்கள். இருபுறமும் மூடும் வால்வு, முன்னே வடிகட்டி, நடுவே தண்ணீர் வடிக்க ஒரு சிறு வால்வு, பக்கத்து உச்சியில் காற்று விடும் வால்வு. இருபுறமும் வால்வு இல்லாவிட்டால் பிற்காலத்தில் மீற்றரைக் கழற்ற முழு மாடியின் தண்ணீரையும் வடிக்க வேண்டி வரும்.

பிறகு டம்மியோடு தண்ணீரை ஓட விடுங்கள். புதிய குழாயில் இருந்து வெல்டிங் கசடு, செம்மண், சணல் நார் எல்லாம் வரும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மறுபடியும் ஓட்டுங்கள். ஒரு நாள் ஓடிய பின் திறந்தாலும் வடிகட்டி சுத்தமாக இருக்கிறதா? சரி, இப்போது மீற்றரைப் பெட்டியில் இருந்து எடுக்கலாம்.

மீற்றரைப் பூட்டியபடி வெல்டிங் செய்வதுதான் பொதுவான அவசரம். சூடு உள்ளே கசிவைத் தடுக்கும் ரப்பரை உருக்கும். வெல்டிங் கரண்ட் மீற்றர் வழியாகப் போய் மின்பாகத்தை எரிக்கும். அந்த மீற்றர் வெளித்தோற்றத்துக்குப் புதிதாகவே இருக்கும்.

அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கட்டும். திரும்பும் குழாயில் அது சில்லரை நோக்கியது. வாசர் உள்ளே துருத்தாமல் நடுவில் உட்கார வேண்டும். துருத்தினால் தண்ணீர் அதில் பட்டுக் கலங்கும்.

8. வெப்பநிலை சென்சர்கள்

வேலையில் பாதிக் கவனம் இங்கே போகட்டும். விலை கூடியது ஓட்டம் அளக்கும் பாகம்தான், ஆனால் பில்லில் வரும் பிழையின் பெரும்பங்கு இந்த இரண்டு மெல்லிய கம்பிகளில் இருந்துதான் வருகிறது.

சென்சர்கள் சோடியாக அளவு திருத்தப்பட்டவை. மூன்று மீற்றருக்கான ஆறு சென்சர்களையும் ஒரே மேசையில் கொட்டிப் பிரிக்காதீர்கள். ஒரு சோடியை எடுத்துப் பூட்டி முடித்த பிறகு அடுத்த பொதியைத் திறவுங்கள்.

பூட்டுமுன் வாளிச் சோதனை. ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டு, இரண்டு சென்சரையும் ரப்பர் வளையத்தால் ஒன்றாகக் கட்டி அமிழ்த்தி, தண்ணீரைக் கிளறிக்கொண்டே ஐந்து நிமிடம் பாருங்கள். கணிப்பானில் வேறுபாடு பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 0.1 பாகைக்கு மேல் காட்டினால் பூட்டாதீர்கள். பத்து நிமிட வேலை, ஒரு வாளி, பத்து ஐஸ் கட்டி. இதைச் செய்யாமல் விட்ட ஒரு தடவைக்கு நான் ஒரு வருடம் பதில் சொன்னேன்.

நடந்தது இதுதான். பி.ரி. 100 சென்சர், இரண்டு வயர் வகை. கணிப்பான் பக்கத்திலேயே இருந்ததால், வயறிங் செய்த தம்பி போகும் குழாயின் சென்சர் வயரில் மிஞ்சிக் கிடந்த 3 மீற்றரை வெட்டி அழகாகப் பூட்டிவிட்டார். அரை சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில், போக வர, மீற்றருக்கு 0.07 ஓம். பி.ரி. 100 இல் ஒரு பாகைக்கு 0.385 ஓம்தான் மாறும். அப்படியானால் வெட்டிய ஒவ்வொரு மீற்றரும் 0.18 பாகை, மூன்று மீற்றர் அரைப் பாகைக்கு மேல். போகும் தண்ணீர் உள்ளதைவிடக் குளிராகத் தெரிந்தது. உண்மையான வேறுபாடு 4 பாகை, மீற்றருக்கு 4.55. அந்த மாடிக்கு மாதாமாதம் 14 சதவீதம் கூடுதலான பில். வயறிங் பார்க்க அவ்வளவு நேர்த்தி. யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஆகவே வயரை வெட்டவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். மிஞ்சியதைச் சுருட்டிக் கட்டுங்கள். தூரம் கூட என்றால் நான்கு வயர் சென்சரை ஓடர் செய்யுங்கள். பி.ரி. 500 இல் இந்தப் பிழை ஐந்தில் ஒன்றுதான் என்பதால், தெரிவு என் கையில் இருந்தால் அதையே கேட்பேன்.

சென்சரின் முனை குழாயின் நடுவரை போக வேண்டும். சிறிய குழாயில் நேராகக் குத்தினால் முனை மட்டும்தான் நனையும். வளைவிலோ சரிந்த ரீ (T வடிவ) இணைப்பிலோ, தண்ணீர் வரும் திசைக்கு எதிரே முனை பார்க்கப் பூட்டுங்கள். ஒன்றைப் பொக்கற்றிலும் (குழாய்க்குள் நிற்கும் உலோக உறை) மற்றதை நேரே தண்ணீரிலும் போடாதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சிறு பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

பொக்கற் என்றால் அந்தச் சென்சருக்கென்று வந்த பொக்கற்றையே போடுங்கள். தளர்வான பொக்கற்றில் சென்சர் தண்ணீரின் வெப்பநிலையை விட்டு அறையின் வெப்பநிலைப் பக்கம் சாயும். குளிர்நீரில் பொக்கற்றின் வாய் மேலே பார்த்தால் வியர்வைத் தண்ணீர் உள்ளே நிரம்பும். பக்கவாட்டில், வாய் சற்றுக் கீழே சரிய வையுங்கள்.

நிற அடையாளத்தில் ஒரு பொறி உண்டு. சிவப்பு என்றால் சூடு என்று நினைத்துக் குளிர்நீரின் திரும்பும் குழாயில் சிவப்புச் சென்சரைப் போடுவார்கள். பல மீற்றர்களில் சிவப்பு என்றால் 'போகும் குழாய்' என்று மட்டுமே பொருள். அதில் 7 பாகைத் தண்ணீர் போனாலும் சிவப்புத்தான். கைநூலில் உள்ள படத்தைப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

9. கணிப்பானும் கரண்டும்

குளிர்நீரில் கணிப்பானைக் குழாயில் விடாமல் சுவருக்குக் கொண்டுபோங்கள். என் முதல் வேலையில் அதை ஓட்டப் பாகத்தின் மேலேயே விட்டிருந்தேன். ஐப்பசி மழை தொடங்கி இரண்டு கிழமையில் கண்ணாடிக்குள் பனி மூட்டம். மூன்றாம் கிழமை எண்ணே இல்லை. 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று 26 பாகையிலேயே தண்ணீர் விடும். திரும்பும் குழாயே 12 பாகை.

வயர்கள் கணிப்பானுக்குள் கீழிருந்து நுழையட்டும். நுழையுமுன் கீழே ஒரு வளைவு விடுங்கள். வயர் வழியே ஒழுகும் துளி அங்கே சொட்டிவிடும்.

பற்றரி மீற்றர் என்றால் கரண்ட் போனாலும் எண்ணும். கரண்டில் ஓடுவதென்றால், சில்லர் எந்தப் பக்கத்தில் இருந்து கரண்ட் எடுக்கிறதோ அதே பக்கத்தில் இருந்து மீற்றருக்கும் கொடுங்கள். ஜெனரேற்றரில் சில்லர் ஓடுகிறது, மீற்றருக்கு மட்டும் லைன் கரண்ட் என்று ஓரிடத்தில் பார்த்தேன். கரண்ட் வெட்டிய நேரம் முழுக்க மண்டபத்துக்கு இலவசக் குளிர்.

எம்-பஸ்ஸில் இரண்டு வயரையும் எந்தப் பக்கமும் போடலாம். மொட்பஸ் ஓடும் ஆர்எஸ் 485 வயரில் மாற்றிப் போட்டால் பேசாது. புது மீற்றர்கள் எல்லாம் ஒரே முகவரியோடு வரக்கூடும். ஒவ்வொன்றாக இணைத்து முகவரியை மாற்றிய பிறகே அடுத்ததை இணையுங்கள். பலமான கரண்ட் வயரோடு சேர்த்து இழுக்காதீர்கள். கட்டடத்துக்கு வெளியே வயர் போகிறதென்றால் இடி தாங்கும் பாதுகாப்புக் கருவி கட்டாயம். சித்திரையிலும் ஐப்பசியிலும் வன்னியில் இறங்கும் இடி ஒரே அடியில் வரிசையாக எல்லா மீற்றரையும் கொண்டுபோகும்.

10. இன்சுலேஷன்

கறுத்த ரப்பர் நுரையைச் சென்சர் பொக்கற்றைச் சுற்றியும் இடைவெளியின்றி ஒட்டுங்கள். அங்கே விடும் ஓர் ஓட்டைக்குள் ஈரக் காற்று புகுந்து குழாய் முழுக்க நுரைக்குள்ளேயே வியர்க்கும். ஆனால் மின்பாகத்தின் பெட்டியையும் தகட்டையும் மூடாதீர்கள். இலக்கம் வாசிக்க நுரையைக் கிழித்த கட்டடங்கள் நிறைய.

11. ஓட்டிப் பார்த்தல்

வால்வை மெல்லத் திறந்து நிரப்பி, காற்றை விடுங்கள். அல்ட்ராசொனிக் மீற்றர் முதல் மணித்தியாலத்தில் பிழைக் குறி காட்டினால் பதற வேண்டாம், காற்று போனதும் அடங்கும். அடுத்த நாளும் காட்டினால் இடம் பிழை.

பிறகு கைக்கணக்கு. ஒரு மணித்தியாலம் நிலையாக ஓடட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் கனமீற்றரையும் கிலோவாற்மணியையும் எழுதுங்கள். நடுவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலைகளையும் எழுதுங்கள். 7.2 கனமீற்றர் போனது, சராசரி 7.4 பாகையில் போய் 11.9 இல் திரும்பியது என்றால் 7.2 × 4.5 × 1.163 = 37.7. மீற்றரிலும் 37 அல்லது 38 கூடியிருக்க வேண்டும். பத்து மடங்கு வித்தியாசம் என்றால் காட்டும் அலகைப் பாருங்கள். மெகாஜூலில் காட்டினால் 3.6 மடங்கு கூடத் தெரியும்.

இந்தக் கணக்கு கணிப்பானின் கூட்டல் பெருக்கலைத்தான் சோதிக்கும். சென்சர் பொய் சொன்னால் கணக்கும் அதே பொய்யைச் சொல்லும். அதனால்தான் வாளிச் சோதனையைத் தனியே வைத்தேன்.

12. சீலும் முதல் மாதமும்

வாடகைக்காரரைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே தொடக்க எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கிச் சீல் வையுங்கள். சென்சர் பொக்கற்றுக்கும் சீல் வேண்டும். போகும் குழாயின் பொக்கற்றில் இருந்து சென்சரை இரண்டு அங்குலம் வெளியே இழுத்துவிட்டால் பில் குறையும் என்பதை மூளைசாலிகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். மீற்றர் இலக்கம், சென்சர் இலக்கங்கள், பூட்டிய திகதி, பற்றரி மாற்ற வேண்டிய வருடம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

முதல் மாதம் கிழமைக்கு ஒருமுறை வாசியுங்கள். சில்லர் பக்கத்தில் இதே வகைப் பிரதான மீற்றர் ஒன்றும் பூட்டியிருந்தால், மாடிகளின் கூட்டுத்தொகை அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பது நல்லது, அது குழாய் இழப்பு. கூடுதலாக இருந்தால் எங்கேயோ ஒரு சென்சர் பிழை.

மண்டபம் பூட்டியிருக்கும் இரவில் அந்த மாடியின் மீற்றர் எண்ணுகிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். எண்ணினால் மீற்றரைக் கழற்றாதீர்கள். வால்வு முழுதாக மூடுகிறதா பாருங்கள். கிளிநொச்சியில் ஒரு தடவை அப்படிப் போய்ப் பார்த்தபோது, வால்வின் வாயில் சிக்கியிருந்தது ஒரு வெல்டிங் கூர் துண்டு. ஏழாம் படியில் கழுவியிருக்க வேண்டியது.